குளத்தைத் திருத்துவதற்கு முன் யார் யாரோடு பேச வேண்டும்?

வன்னியில் ஒரு சிறு குளத்தைத் திருத்தும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு தயார், பணமும் வந்துவிட்டது. ஒக்டோபரில் மழை தொடங்குமுன் அணைக்கட்டை உயர்த்தி, துருசை (தண்ணீரைத் திறந்துவிடும் மதகை) புதுப்பித்து, வாய்க்காலைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டும். கட்டு வேலையைப் பார்க்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கிறார். யாரோடு, எப்போது, எதைப் பேசுவது என்பதைத்தான் ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள். களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். ஸ்டேக்ஹோல்டர் என்பதைப் பலர் பங்குதாரர் என்று எழுதுகிறார்கள். கம்பனியில் பங்கு வாங்கியவருக்கும் அதே சொல் இருப்பதால் குழப்பம் வருகிறது. நான் தரப்பினர் என்றே எழுதுகிறேன். ஒரு வேலையால் பாதிக்கப்படுகிறவரும் அந்த வேலையைப் பாதிக்கக்கூடியவரும் தரப்பினர்தான். முகாமைத்துவ அறிஞர் எட்வர்ட் ஃபிரீமன் 1984இல் கொடுத்த வரையறையின் சாரம் இது.

படி 1: வேலையை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

எந்தக் குளம், என்ன வேலை, எந்த மாதத்துக்குள். இது போதும். ஆனால் “அணைக்கட்டை உயர்த்தல்” என்று எழுதியவுடன், தண்ணீர் எதுவரை ஏறும் என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது தேவை.

படி 2: பட்டியலைக் குளக்கட்டில் நின்று எழுதுங்கள்

அலுவலக மேசையில் எழுதினால் அலுவலகங்களின் பெயர்கள்தான் வரும். சில வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். கமக்காரர் அமைப்பு, கமநல சேவைகள் நிலையம், கிராம அலுவலர், பிரதேச செயலகம். எல்லோரும் சம்மதித்தார்கள். துருசு வேலைக்காக மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்ட அன்று காலை, நன்னீர் மீன்பிடிக்காரர்கள் மண் தோண்டும் பெக்கோவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சில மாதங்களுக்கு முன் விட்ட மீன்குஞ்சுகள் இன்னும் பிடிக்கிற அளவுக்கு வளரவில்லை. வேலை 11 நாள் நின்றது. அவர்கள் கோபத்தில் முழு நியாயம் இருந்தது. எங்கள் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஒரு நாள் முழுக்கக் குளக்கட்டில் இருங்கள். விடிய முன்னம் வலை இழுப்பவர் வருவார். பிறகு குளிக்கவும் துணி துவைக்கவும் பெண்கள் வருவார்கள். வெயில் ஏறப் பட்டி மாடுகள் தண்ணிக்கு இறங்கும். வருகிறவர் ஒவ்வொருவரையும் கொப்பியில் குறியுங்கள். அப்புறம் தண்ணீரின் வழியே நடவுங்கள். கீழே வாய்க்காலின் கடைசி வயல்வரை போங்கள், தண்ணீர் பற்றாமல் போவது அங்கேதான். மேலே, குளத்து நீர் பரவி முடிகிற அலைகரைக்குப் போங்கள். கட்டு உயர்ந்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறும். அங்கே யாராவது பயிர் செய்கிறார்களா? நீரேந்து பகுதி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா? குளத்தை அண்டிய வீட்டுக் கிணறுகளையும் விடாதீர்கள். கோடையில் அவற்றில் நீர் நிற்பதற்குக் குளத்து ஊற்றும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. குளத்தின் கீழ் வயல் இல்லாமல் கூலிக்கு வேலை செய்யும் வீடுகள் அவர்களிடையே உண்டு. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஆனால் அதே குளத்தில்தான் குளிக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள்.

படி 3: ஒவ்வொரு தரப்புக்கும் லாபமும் இழப்பும்

பெயருக்கு நேரே மூன்று நிரல்: என்ன கிடைக்கும், என்ன போகும், எதற்குப் பயப்படுகிறார்கள். மூன்றாவதை ஊகித்து எழுதாமல் நேரே கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

படி 4: நான்கு கட்டம்

முகாமைத்துவ ஆய்வாளர் மெண்டலோவின் பெயரால் அறியப்படும் கட்டம் இது. கீழிருந்து மேலாக அதிகாரம் கூடும், இடமிருந்து வலமாக அக்கறை கூடும். இரண்டும் கூடியவரோடு நெருங்கி வேலை செய்யுங்கள். அதிகாரம் கூடி அக்கறை குறைந்தவரைத் திருப்தியாக வைத்திருங்கள். அக்கறை மட்டும் கூடியவருக்குத் தொடர்ந்து தகவல் கொடுங்கள். இரண்டும் குறைந்தவரை அவ்வப்போது கவனித்தால் போதும்.

இதில் புதியவர்கள் தவறுவது அதிகாரத்தை அளப்பதில். கையெழுத்து போடுகிறவரிடம் மட்டும் அதிகாரம் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதி அங்கீகரித்தது. வயலுக்கு நீர் குறையும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் நீர் எடுக்கும் இடமே மாறியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் யாராவது இந்தக் கட்டத்தை வரைந்திருந்தால் அந்த விவசாயிகளை எந்த மூலையில் எழுதியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். அதனால் அதிகாரம் என்ற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: இவரால் ஒப்புதல் தர முடியுமா? இவரால் வேலையை நிறுத்த முடியுமா? இவர் சொன்னால் ஊர் கேட்குமா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேல் வரிசையில் போடுங்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரும் கோயில் தலைவரும் அங்கே வந்துவிடுவார்கள்.

படி 5: தொடர்பாடல் திட்டம்

ஒரு தாளில் ஆறு நிரல் போடுங்கள்: யாருக்கு, எந்தச் செய்தி, எப்போது, எந்த வழியில், யார் சொல்வது, பதில் எப்படித் திரும்பி வரும். மாதிரிக்கு இரண்டு வரிசை.

மீன்பிடிச் சங்கம்: தண்ணீர் திறக்கும் திகதியும், அதற்கு முன் மீன் பிடிக்க எத்தனை வாரம் இருக்கிறது என்பதும், குஞ்சு மீண்டும் எப்போது விடப்படும் என்பதும். வேலைக்கு இரண்டு மாதம் முன், குளக்கரையில் நேரில். சொல்பவர் திட்ட உத்தியோகத்தர். பதில் சங்கத் தலைவர் வழியாக, ஒரு வாரத்துக்குள்.

பிரதேச செயலாளர்: செலவு, முன்னேற்றம், தடங்கல். மாதம் ஒருமுறை, ஒரு பக்க அறிக்கை. நீளமாக எழுதினால் மேசையிலேயே கிடக்கும்.

வழியைத் தேர்வதில் நிதானம் வேண்டும். வாட்ஸ்அப், வைபர் குழுவில் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். மாடு மேய்க்கும் ஐயாவிடம் அந்தப் போன் இருக்காது. கோயில் ஒலிபெருக்கியும் கடை வாசலில் ஒட்டிய தாளும் அவரை எட்டும். கூட்டத்தைக் காலை 10 மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். பின்னேரம் 5 மணிக்கு வையுங்கள். இயந்திரம் ஓட்டுபவரோ ஒப்பந்தகாரரோ சிங்களம் பேசுபவராக இருந்தால் முக்கியமான அறிவித்தல்களை இரண்டு மொழியிலும் எழுதுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு: ஆட்களின் எண்ணிக்கையை, அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுங்கள். 5 பேருக்கு இடையே 10 தொடர்பு வழிகள், 12 பேருக்கு இடையே 66. இத்தனை வழியில் செய்தி சுற்றினால் தண்ணீர் திறக்கும் திகதியே ஊரில் நாலு விதமாகத் திரியும். அதனால் ஒரு தரப்புக்கு ஒரு ஆள் மட்டும் செய்தி சொல்லட்டும்.

படி 6: தாளைப் புதுப்பியுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டக் குறிப்போடு வைத்துப் பாருங்கள். யார் மனம் மாறியிருக்கிறது, யார் இரண்டு கூட்டமாக வரவில்லை? வராதவரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். தேத்தண்ணி குடித்தபடி அவர் சொல்வது கூட்டக் குறிப்பில் ஒருபோதும் வராது. உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போனால், வேலை பாதியில் இருக்கும்போதே கட்டத்தின் மேல் மூலையில் புதிய ஆள் வந்துவிடுவார். அவர் பொறுப்பெடுத்த முதல் வாரத்திலேயே படி 1இல் எழுதிய வசனத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய், முடிந்தால் அவரையும் ஒருமுறை குளக்கட்டுக்குக் கூட்டி வாருங்கள்.