சின்ன அரங்கில் இசை கேட்கும்போது செய்யக்கூடாதவை

நூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் கச்சேரி என்றால், பலரும் முண்டியடித்து முன்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பாடகரின் முகம் நன்றாகத் தெரியும், சரி. பாட்டுதான் சரியாகக் கேட்காது. பெரிய மைதானத்தில் ஏறக்குறைய எல்லா ஒலியும் ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. சின்ன அறையில் டிரம்ஸும், கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் மேடையிலிருந்து நேராக வந்து காதில் மோதும். குரலோ பெரும்பாலும் மேடையின் இரு பக்கமும் உள்ள ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது. மேடையை ஒட்டி நிற்பவர் அவற்றின் வீச்சுக்கு வெளியே மாட்டிக்கொள்கிறார். 'ஒரு வார்த்தையும் புரியவில்லை, சவுண்ட் மோசம்' என்று குறைசொல்லும் முன் பத்தடி பின்னால் போய்க் கேளுங்கள். ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் கருவியான மிக்சர் பக்கத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. சவுண்ட் இன்ஜினியர் அங்கே தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்.

அதற்காகப் பின்சுவரில் சாய்ந்துவிடவும் வேண்டாம். சுவரோரத்திலும் மூலைகளிலும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி திரண்டு மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

முதல் பாட்டை வைத்துத் தீர்ப்பு சொல்வதும் தவறு. ஒலிச் சோதனை பெரும்பாலும் காலி அறையில்தான் நடக்கிறது. கூட்டம் நிறைந்ததும் உடல்களும் உடைகளும் ஒலியை, முக்கியமாக மேல் சுருதிகளை, உறிஞ்சிக்கொள்கின்றன. அதை ஈடுகட்ட இன்ஜினியருக்கு ஒன்றிரண்டு பாட்டு பிடிக்கும்.

காதைப் பற்றிய அலட்சியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்வார்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். டிரம்ஸ் அருகில் இருக்கும் சின்ன அறையில் அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். வீடு திரும்பிய பிறகும் காதில் 'ஙொய்' என்று கேட்டால், காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். பஞ்சை அடைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. இசைக்கலைஞர்கள் போடும் வகை காதடைப்பான் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் பாட்டு மங்காது.

அப்புறம், பேச்சு. இவ்வளவு சின்ன இடத்தில் நீங்கள் பேசுவது பாடுபவருக்கே கேட்கும். மெதுவான பாட்டில் மைக்கின் ஒலி ஏறியிருக்கும்போது உங்கள் குரலும் அதில் போய்ச் சேரலாம். ஒருவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் இன்னும் சத்தமாகப் பேசுவார், அப்படியே அறை முழுக்கப் பரவும். ஒரு பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடும்போது அவருக்கு இதைச் செய்யாதீர்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம்.

செல்போனில் ஒரு பாட்டைப் பதிவு செய்தால் போதும், அதையும் நெஞ்சு உயரத்தில் பிடித்து. தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் நிற்பவருக்கு மேடையே மறைந்துவிடும்.