வாவியில் இறங்குவதற்கு முன் கயாக் சாமான்களைச் சரிபார்க்கும் விதம்

கொழும்புப் பக்கத்துப் பொல்கொட வாவிக்கோ தியவன்னாவுக்கோ, துடுப்புப் போடும் சிறு படகான கயாக்கைக் கொண்டு போவதென்றால், முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிப் பாருங்கள். விடியற்காலை அவசரத்தில் ஒன்றும் கண்ணில் படாது.

முதலில் லைஃப் ஜாக்கெட். அதைப் போட்டு, பட்டிகளை இறுக்கி, ஜாக்கெட்டின் தோள்பக்கம் இரண்டையும் பிடித்து மேலே இழுக்க இன்னொருவரிடம் சொல்லுங்கள். நாடிக்கு மேலே ஏறினால் ஒன்றில் அளவு பெரிது, அல்லது பட்டி தளர்வு. மொட்டை மாடியில் கொழும்பு வெயில் குடித்துக் கிடந்த ஜாக்கெட் என்றால் துணி மங்கித் தையல் இற்றிருக்கும், அதனால் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற நுரையை அமுக்கினால் திரும்பி எழும்ப வேண்டும், இறுகியோ நசுங்கியோ கிடந்தால் என்ன விலை கொடுத்திருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இதேதான். விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள், பையில் போடாதீர்கள்.

அப்புறம் கயாக். வடிகால் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, அடியில் ஆழமான கீறல் உண்டா என்று பாருங்கள். கழற்றிப் பூட்டும் துடுப்பென்றால் பொருத்தில் மணல் இருக்கக் கூடாது.

போன் வைக்கும் நீர்புகாப் பைக்குள் டிஷூ ஒன்றைப் போட்டு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். டிஷூ நனைந்தால் வேறு பை வாங்குங்கள்.

ஏப்ரல், ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை வழக்கம், காலையிலேயே இறங்கிப் பகலுக்குள் கரையேறுங்கள். மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, காலில் காயம் இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு, 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கள்.