பிஸ்டலுக்கு ஆயிலா கிரீஸா? நிறைய பேர் திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

மினசோட்டாவுல ஒரு ஜனவரி மாசம், வெளிப்புற ரேஞ்ச், மைனஸ் 15 டிகிரி. கூட வந்தவன் ஆபீஸ்ல என்கூட வேலை பாக்குற தம்பி, ஊரு திருநெல்வேலி, புதுசா ஒரு 1911 மாடல் பிஸ்டல் வாங்கியிருந்தான். முதல் ரவுண்டு (தோட்டா) போச்சு, ரெண்டாவதுல ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் ஓடுற மேல்பகுதி, முன்னாடி வந்துட்டு முழுசா மூடாம ஒரு நெல்லு அளவுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. கட்டைவிரலால தள்ளி மூடினான், சுட்டான், அடுத்ததுலயும் அதே கதை. "என்னண்ணே, புதுசு வாங்கி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள மக்கர் பண்ணுது"ன்னு முகம் சுருங்கிப் போச்சு. ரவுண்டெல்லாம் எடுத்துட்டு ஸ்லைடைக் கழட்டிப் பாத்தா ரெயில், அதாவது ஸ்லைடு ஓடுற தடம், பூராவும் சிவப்பு கிரீஸ், கார் வீல் பேரிங்குக்குப் போடுறது. நகத்தால சுரண்டினா மெழுகுவத்தி மாதிரி சுருள் சுருளா வருது. துணியால வழிச்சு எடுத்துட்டு ஒவ்வொரு ரெயில்லயும் ரெண்டு சொட்டு ஆயில் விட்டோம், சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவை கூட நிக்கல.

அப்போ அவன் கேட்டான், "இனிமே கிரீஸே வேண்டாமாண்ணே?" அப்படி முடிவு பண்றதும் தப்புதான். ஆயிலா கிரீஸான்னு துப்பாக்கி மொத்தத்துக்கும் ஒரே பதில் தேடுறாங்க பாருங்க, முக்கால்வாசி தொல்லை அங்கதான் ஆரம்பிக்குது. எந்த இடம், அங்க என்ன உரசுது, வெளியில எவ்வளவு குளிர், இது மூணையும் பாத்துட்டுத்தான் ஆயிலா கிரீஸான்னு முடிவு பண்ணணும், ஒரே துப்பாக்கியில ஒரு இடத்துக்கு கிரீஸ், ஒரு இடத்துக்கு ஆயில், ஒரு இடத்துக்கு ஒண்ணுமே கூடாது.

ஆனா ஆயில் பாட்டிலைத் தொடுறதுக்கு முன்னாடியே நடக்குற தப்பு ஒண்ணு இருக்கு, உயிரையே எடுக்கும். மேகசினை (தோட்டா அடுக்குற பெட்டி) எடுத்தாச்சு, அதனால காலின்னு நினைச்சுக்குறது. சேம்பர்ல, அதாவது தோட்டா வெடிக்கிற அறையில, ஒரு ரவுண்டு உக்காந்திருக்கும். க்ளாக் கம்பெனி பிஸ்டல்ல ஸ்லைடைக் கழட்டணும்னா முதல்ல டிரிக்கரை அழுத்தியே ஆகணும், அதனால கிளீன் பண்ண உக்காந்த இடத்துலயே வெடிச்ச கதை நிறைய உண்டு. மேகசினை எடுங்க, ஸ்லைடை முழுசா பின்னாடி இழுத்து லாக் பண்ணுங்க, கண்ணால பாருங்க, விரலை விட்டும் பாருங்க, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு வந்து அப்புறம் உக்காருங்க. இதுல எனக்கு விட்டுக்கொடுக்குற பேச்சே கிடையாது.

சரி, கிரீஸ்னா என்ன? அதுவும் ஆயில்தான். ஆயிலை லித்தியம் சோப்பு மாதிரி ஒரு கெட்டிப் பொருளுக்குள்ள பிடிச்சு வச்சிருக்காங்க, பஞ்சு தண்ணியைப் பிடிச்சுக்குற மாதிரி. ரெண்டு இரும்பு உரசி அழுத்தம் வரும்போது அந்த சோப்பு கொஞ்சம் கொஞ்சமா ஆயிலை விடும். அதனாலதான் கிரீஸ் போட்ட இடத்துலயே நிக்குது, ஆயில் ஓடிடுது. டப்பால என்எல்ஜிஐ 2, என்எல்ஜிஐ 0ன்னு நம்பர் போட்டிருக்கும், 000ல இருந்து 6 வரைக்கும் போகும், அது கெட்டித்தன்மை. 000ன்னா கிட்டத்தட்ட ஊத்துற பதம், 2 வெண்ணெய்ப் பதம், 6 சோப்புக் கட்டி மாதிரி. காருக்கு விக்கிறதுல பெரும்பாலும் 2தான், தம்பி போட்டதும் அதேதான். வெயில் காலத்துல அதுவே ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும், பனியில வெண்ணெய் ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி இறுகிடுச்சு. குளிர் ஊர்ல கிரீஸ் போட்டே ஆகணும்னா 0 இல்ல 1 நம்பர்ல சிந்தெடிக் பாருங்க, ரொம்பக் குளிர்னா வெறும் லேசான ஆயிலோட நிறுத்திக்கங்க.

எந்த இடத்துக்கு எதுன்னு பாக்குறதுக்கு நான் பண்றது இதுதான், ஒரு 200 ரவுண்டு சுட்டப்புறம் கழட்டித் துடைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. கருப்புப் பூச்சு தேய்ஞ்சு வெள்ளி மாதிரி பளபளன்னு தெரியுற இடம் சிலது இருக்கும். பேரல் (குழல்) பின்பக்கத்து மேல்பகுதியில ஒரு பட்டை, பேரல் வாய்ப்பக்கம் சுத்தி ஒரு வளையம், ரெயில்ல நீளக் கோடு. எங்க உரசுதுன்னு துப்பாக்கியே காட்டிக் கொடுக்குது, அங்க மட்டும் போட்டா போதும், பளபளப்பு இல்லாத இடத்துல போடுற ஆயில் சும்மா தூசி பிடிக்கத்தான்.

நீளமா, அழுத்தமா, முன்னும் பின்னும் சறுக்குற இடத்துக்கு கிரீஸ் நல்லது. 1911ல ஸ்லைடும் ஃப்ரேமும் (கைப்பிடியோட இருக்குற கீழ்ப்பகுதி) ரெண்டுமே உலோகம், ரெயில் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஒட்டி ஓடும், அங்கயும் பேரல் லக்லயும் (பேரல்ல துருத்தி நிக்கிற பூட்டுப் பகுதி) லேசா கிரீஸ் தடவினா ஸ்லைடு இழுக்குறப்பவே வித்தியாசம் தெரியும். சிக் பி226, பெரெட்டா 92 மாதிரி அலுமினிய ஃப்ரேம்னா இன்னும் முக்கியம், ஏன்னா இரும்பு ஸ்லைடு அலுமினியத்து மேல ஓடுது, அந்த ஃப்ரேம் மேல இருக்குற கெட்டிப் பூச்சு தேய்ஞ்சு உள்ள இருக்குற வெள்ளை உலோகம் தெரிய ஆரம்பிச்சா அப்புறம் வேகமா பிராண்டிக்கும். இதுக்கு நேர் எதிர் க்ளாக். பிளாஸ்டிக் ஃப்ரேம்ல நாலே நாலு சின்ன இரும்புத் துண்டு, அதுமேலதான் ஸ்லைடே ஓடுது, அதனால அதுக்கு சொட்டுக் கணக்குல ஆயில் போதும். எல்லாத்தையும் விட முக்கியமான ஒரு சொட்டு டிரிக்கர் பார் (டிரிக்கரோட சேர்ந்து நகர்ற கம்பி) கனெக்டர்ங்கிற சின்னத் தகட்டைத் தொடுற மூலையில, ஃப்ரேம் பின்பக்கம் வலது ஓரத்துல. ரெயிலெல்லாம் குளிப்பாட்டிட்டு இந்த ஒரு சொட்டை விட்டுடுவாங்க, அப்புறம் டிரிக்கர் கனமா இருக்குன்னு புலம்புவாங்க. புது க்ளாக்ல ஸ்லைடுக்குள்ள செம்பு நிறத்துல ஒரு பசை இருக்கும், அழுக்குன்னு நினைச்சு தேய்ச்சு எடுத்துடாதீங்க, கம்பெனியில வேணும்னேதான் போட்டு அனுப்புறாங்க, ஆரம்பத்துல அது இருக்கட்டும்.

சுத்துற அச்சு, சின்ன பின், ஸ்ப்ரிங், டிரிக்கர் பக்கத்துச் சின்ன சாமான், இதுக்கெல்லாம் ஆயில். கிரீஸ் அந்தச் சந்துக்குள்ள நுழையாது, நுழைஞ்சாலும் ஸ்ப்ரிங் வேகத்தைப் பிடிச்சு இழுக்கும்.

ஒண்ணுமே போடக்கூடாத இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஸ்ட்ரைக்கர் இல்லனா ஃபயரிங் பின், அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசி, ஓடுற குழாய், அது காய்ஞ்சு இருக்கணும். அங்க ஆயில் போனா கரித்தூளும் பித்தளைத் துகளும் சேர்ந்து களி மாதிரி ஆகி ஊசி வேகம் குறையும், டிரிக்கரை அழுத்துறீங்க, டிக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது. எடுத்துப் பாத்தா தோட்டா அடியில ஊசி குத்துற ப்ரைமர்ல லேசா ஒரு பள்ளம். நல்லா கிளீன் பண்றேன்னு ஸ்லைடைத் தலைகீழாப் பிடிச்சு ஸ்ப்ரே அடிக்கிறவங்களுக்குத்தான் இது அதிகம் வருது. மேகசின் உள்ளயும் காய்ஞ்சுதான் இருக்கணும், ஏன்னா அங்க இருக்குற ஆயில் தோட்டாவுல ஒட்டும், ஊடுருவுற வகை ஆயில்னா ப்ரைமருக்குள்ள கசிஞ்சு அதைச் செத்துப்போக வச்சுடலாம். சேம்பரும் பேரல் துளையும் அப்படித்தான், வச்சு எடுக்குறதுக்காக துருப் பிடிக்காம லேசா ஆயில் விட்டிருந்தா சுடுறதுக்கு முன்னாடி காய்ஞ்ச துணியை ஒரு தடவை விட்டு எடுங்க. வெடிக்கிறப்போ பித்தளைக் கூடு விரிஞ்சு சேம்பர் சுவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும், சுவர்ல எண்ணெய் இருந்தா பிடி நழுவி அந்த உதை மொத்தமும் பின்னாடி ஸ்லைடு மேல இறங்கும்.

டபிள்யூடி-40 பத்தி சொல்லாம விட முடியாது, கராஜ்ல கையில கிடைக்கிறது அதுதானே. 1953ல சான் டியேகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு ஒரு இடத்துல தண்ணியை விரட்டுறதுக்காக உண்டாக்கினது, நாப்பதாவது முயற்சியில சரியா வந்ததால அந்த 40, அட்லஸ் ஏவுகணையோட வெளித்தோல் துருப் பிடிக்காம இருக்கத்தான் முதல்ல பயன்பட்டுச்சு. மழையில நனைஞ்ச துப்பாக்கியில தண்ணியை எடுக்க அருமையான சாமான், ஆனா சறுக்குற இடத்துல அது ரொம்ப நாள் நிக்காது, மேல மேல அடிச்சு அப்படியே விட்டா பிசின் மாதிரி ஒட்டிக்கும். அடிச்சா துடைச்சுட்டு சரியான ஆயிலை விடுங்க. தையல் மிஷின் ஆயில் அவசரத்துக்குப் பரவாயில்ல, ஆனா துருவைத் தடுக்குற சரக்கு அதுல பெருசா இல்ல. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், கிட்டத்தட்ட 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறையும், நம்ம வீட்டுல மார்கழி மாசம் பாட்டிலுக்குள்ள வெள்ளையா கெட்டிப்பட்டு நிக்குமே அதேதான். சமையல் எண்ணெய் எதுவானாலும் காத்துப் பட்டுப் பட்டு பிசுபிசுன்னு ஆயிடும், எண்ணெய்ச் சட்டி வெளிப்பக்கம் எப்படி இருக்கும்னு தெரியும்ல.

இடுப்புல வச்சுட்டுத் திரியுற துப்பாக்கிக்குக் கணக்கு வேற. சட்டைப் பஞ்சு, வியர்வை, உடம்புச் சூடு எல்லாம் சேரும், ஆயில் கீழ இறங்கி ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறை) ஊறும், ரெண்டு மூணு வாரத்துல மேல காய்ஞ்சு கீழ பஞ்சோட கலந்து அடைப்பா நிக்கும். டெக்சாஸ், அரிசோனா வெயில்ல இன்னும் சீக்கிரம். இதுக்கு ரெயில்ல ஒரு அரிசி அளவு மெல்லிசான கிரீஸ் ஆயிலை விட நாள் தாங்கும், ஆனா சுடலேன்னாலும் மாசம் ஒருக்கா கழட்டிப் பாருங்க.

கிரீஸ் மாத்துறப்போ பழசு மேலயே புதுசைப் போடாதீங்க, உள்ள இருக்குற சோப்பு வகை ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கலேன்னா ஒண்ணு தண்ணியா ஓடும், இல்லனா களிமண்ணா இறுகும், முழுசா துடைச்சுட்டுத்தான் மாத்தணும். ரிவால்வர்ல காலிக் கூட்டை வெளிய தள்ளுற எஜெக்டர் நட்சத்திரம் இருக்கே, அதுக்குக் கீழ ஆயில் விடாதீங்க, எரியாத மருந்துத் துகள் ஒட்டிக்கிட்டு சிலிண்டர் மூட முடியாம இறுகும். சிலிண்டரை வெளிய திறக்குற கிரேன்ல ஒரு சொட்டு, எஜெக்டர் ராடுல ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

அளவு சரியான்னு பாக்க ஒரு வழி, எல்லாம் மாட்டிட்டு, காலின்னு திரும்ப ஒரு தடவை பாத்துட்டு ஸ்லைடை ஒரு 10 தடவை இழுத்து விடுங்க. ஃப்ரேம் ஓரத்துல மெல்லிசா ஒரு ஈரக் கோடு தெரிஞ்சா சரி, சொட்டுனா ஜாஸ்தி, துடைங்க, இல்லனா முதல் ரவுண்டுலயே மூக்குக் கண்ணாடியில புள்ளி புள்ளியா தெறிக்கும். துடைச்ச பழைய வேட்டித் துணி கருப்பா இருக்குறதுல ஈயம் இருக்கு, அதை அடுப்படிப் பக்கமே கொண்டு போகாம ஒரு பையில கட்டித் தூரப் போடுங்க, கையை சோப்புப் போட்டு பச்சைத் தண்ணியில கழுவிட்டு அப்புறம் பிள்ளைங்களைத் தூக்குங்க.