நின்ற காரில் பின் பிரேக் ஒட்டிக்கொண்டால்

கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில், குளச்சல், முட்டம் பக்கம் காற்றிலேயே உப்பு. போதாததற்கு இரண்டு பருவமழை. ஹேண்ட்பிரேக் போட்டு மாதக்கணக்கில் விட்டால் லைனிங் (பிரேக்கில் உரசும் பட்டை), சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணமான டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கியர் போட்டு இழுத்துப் பிய்க்காதீர்கள், லைனிங் அதைத் தாங்கும் வளைந்த தகடான ஷூவிலிருந்து பெயர்ந்துவிடும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் சக்கரங்களைக் கழற்றினேன். டிரம் முகத்தில் மரை வெட்டிய துளைகள் இரண்டு இருந்தன. அதில் எம்8 (8 மி.மீ.) போல்ட் இரண்டை மாறி மாறி அரைச்சுற்றாக முறுக்க, டிரம் தானாக நகர்ந்து வந்தது. டிரம்மின் உள்விளிம்பில் தேய்மானத்தால் மேடு விழுந்திருந்தால் முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஷூ பின்கள் பிடுங்கிக்கொள்ளும்.

தூசியை ஊதக்கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, டிரம்மின் உட்புறத்தை 80 நம்பர் எமரித்தாளால் தேய்த்தேன். கிரீஸ், ஷூ உரசும் பேக்பிளேட் (பின்புறத் தகடு) மேடுகளில் மட்டும், அதுவும் துளிதான்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கினால் உள்ளே ஈரம். ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, துருக்குழி விழுந்த சிலிண்டர் மறுபடி கசியும். முழுதாக மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தேன். இப்போது நிறுத்தும்போது முதல் கியரும் சக்கரக் கட்டையும்தான், ஹேண்ட்பிரேக் இல்லை.