ராணுவத் தாத்தாக்களின் ரைஃபிள் கதைகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் நினைவுகளைப் பேரப்பிள்ளைகள் போனில் பதிவு செய்து எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ரைஃபிள் பேச்சு வந்ததும் பலர் சறுக்குகிறார்கள். பெரியவர் சரியாகச் சொன்னதை, வயதாகிவிட்டது, குழப்புகிறார் என்று நினைத்துத் திருத்துகிறார்கள். அவர் சொல்லாததைச் சினிமாவில் பார்த்த நினைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டில் முதல் தவறுதான் மோசமானது. ஏனென்றால் விசித்திரமாகத் தோன்றும் விவரங்கள்தான் பெரும்பாலும் உண்மையாக இருக்கின்றன.

கேள்வியிலிருந்தே தொடங்குவோம். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று ஆரம்பித்தால் பெரியவர் சிரித்து மழுப்புவார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார். ஒரு சிப்பாய் ரைஃபிளோடு கழித்த நேரத்தில் சண்டை மிகச் சிறிய பங்கு. துடைத்தது, காவலுக்கு நின்றது, சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் படுத்தது, கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், கையெழுத்துப் போட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்தது, இவைதான் மீதி எல்லாம். "பட் நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பட் என்பது ரைஃபிளின் பின்கட்டை, அதில் உள்ள எண்தான் பட் நம்பர். சொந்த பேரனின் பிறந்தநாளை மறந்தவர்கூட அதைச் சட்டென்று சொல்லிவிடுவார். வேலை முடிந்தால் ரைஃபிள் கோத்துக்குத்தான் போகும். ஆகவே "லீவுக்கு வரும்போது ரைஃபிளையும் வீட்டுக்குக் கொண்டு வருவார்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் குடும்பத்தில் வளர்ந்த கதை.

அடுத்தது, எந்த ரைஃபிள் என்று கேட்காமலேயே எழுதிவிடுவது. போர் நடந்த வருஷத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 1962 சீனப் போரில் நம் ஆட்கள் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 லீ என்ஃபீல்ட். எதிரே வந்தவர்களிடம் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் இருந்தன. அதற்கப்புறம்தான் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., அதாவது செல்ஃப் லோடிங் ரைஃபிள், பரவலாக வந்தது. ஒரே நாளில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. எந்த யூனிட், எந்த வேலை என்பதைப் பொறுத்து வருஷம் மாறும். போலீஸிலும் என்.சி.சி.யிலும் த்ரீ நாட் த்ரீ இன்னும் பல காலம் ஓடியது.

பெயரைக் கேட்பதைவிட "எப்படி லோடு பண்ணுவீங்க?" என்று கேட்பது நல்லது. ஐந்தைந்து தோட்டாவாக கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்துவோம், ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, தூக்கி இழுப்போம் என்றால் அது த்ரீ நாட் த்ரீ. இருபது தோட்டா பிடிக்கும் பெட்டியான மேகசினைக் கீழே மாட்டுவோம், நாலே கால் கிலோவுக்கு மேல் கனம், தோளில் நல்ல உதை என்றால் எஸ்.எல்.ஆர். "பார்க்க த்ரீ நாட் த்ரீதான், ஆனா தோட்டா 7.62" என்று ஒருவர் சொன்னால் குழப்புகிறார் என்று நினைக்காதீர்கள். பழைய என்ஃபீல்ட் வடிவத்திலேயே 7.62 தோட்டாவுக்காக இஷாப்பூரில் 2ஏ, 2ஏ1 என்று ரைஃபிள்கள் செய்தார்கள். மேகசினில் பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா. தாத்தா சொன்னது சரி.

என்ஃபீல்ட் என்ற பெயரைப் பார்த்ததும் 1857 கிளர்ச்சியையும் கொழுப்புத் தடவிய தோட்டாவையும் இழுத்து வந்து ஒட்டுவோரும் உண்டு. அது 1853 மாடல், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. லீ என்ஃபீல்ட் வந்ததே 1895இல்தான். அந்தப் பத்தியை அப்படியே நீக்கிவிடலாம்.

சரி, எல்லோரும் வெட்டித் தள்ளும் ஒரு விவரத்துக்கு வருவோம்: கொதிக்கும் தண்ணீர்.

பழைய ஆட்கள் சொல்வார்கள்: ரேஞ்சிலிருந்து வந்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, புனல் வைத்து, பின்பக்கத்திலிருந்து பேரல் (குழல்) வழியாக ஊற்றுவோம் என்று. இரும்பில் தண்ணீரா, துரு பிடிக்காதா என்று எழுதுகிறவர் அதை எண்ணெய் என்று மாற்றிவிடுவார். அங்கேதான் கதை கெட்டது. அந்தக் காலத்து .303 தோட்டாவின் அடியில், ஊசி குத்தியதும் பற்றிக்கொள்ளும் சின்ன மூடியான கேப்பில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக, பேரலுக்குள் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரிரு நாளில் உள்ளே புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். எண்ணெய் எவ்வளவு விட்டாலும் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அரிக்கும். தண்ணீர்தான் அதைக் கரைக்கும். கொதிக்கும் தண்ணீர் என்றால் பேரலும் சூடேறி ஈரம் தானாகவே காய்ந்துவிடும். அப்புறம் உலர்ந்த துணி, கடைசியில்தான் எண்ணெய். பர்மா மழைக்காட்டிலோ நம் கடற்கரையிலோ இந்த வேலையைத் தள்ளிப்போட்டவனின் ரைஃபிள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணி என்றதும் பேரலைத் துடைக்கும் புல்த்ரூ. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி கோக்க வளையங்கள் உள்ள கயிறு. பட் பகுதிக்குள் இருக்கும் சின்னப் பொந்தில், எண்ணெய்ப் புட்டியோடு சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துணித் துண்டுக்குச் 'சிந்தி' என்று பெயர், நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். அளவு மீறிய துணியைத் திணித்தால் நடுவில் மாட்டிக்கொண்டு கயிறு அறுந்துவிடும், அப்புறம் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் போய் நிற்க வேண்டும். "புல்த்ரூவைச் சாய்த்து இழுத்ததற்கு உஸ்தாத் ரகடா கொடுத்தார், மைதானம் முழுக்க ஃப்ரண்ட் ரோல்" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை வெறும் கொடுமைக் கதையாக எழுதிவிடாதீர்கள். உஸ்தாத் என்பது பயிற்சி கொடுப்பவர், ரகடா என்பது உடம்பை வாட்டும் தண்டனை. கயிறு பேரலின் வாய் விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தேயும். தோட்டா கடைசியாக விட்டுப் பிரியும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தாலும் குண்டு சிதறிப் போகும். தண்டனை அதிகம் என்று வேண்டுமானால் சொல்லலாம், காரணம் இல்லாதது என்று சொல்ல முடியாது.

போல்ட் கதையும் இதே வகை. பத்துப் பேர் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து துடைக்கும்போது போல்ட் மாறிவிட்டால் பெரிய கூச்சல் எழும். எல்லாம் ஒரே மாடல்தானே என்று தோன்றும். ஆனால் த்ரீ நாட் த்ரீயில் ஒவ்வொரு போல்ட்டும் அந்தந்த ரைஃபிளுக்குப் பொருத்தியது, நம்பர் அடித்திருக்கும். மாற்றிப் போட்டால் தோட்டாவின் பின்பக்க இடைவெளி கூடலாம், குறையலாம். கூடினால் தோட்டாக் கூடு கிழியவும் வாய்ப்பு உண்டு.

இரண்டு பெரியவர்கள் முரணாகப் பேசினால் ஒருவர் தவறு என்று முடிவு கட்டுவது இன்னொரு பழக்கம். "எண்ணெய் சொட்டச் சொட்ட வைப்போம்" என்பார் ஒருவர். "எண்ணெயே ஆகாது" என்பார் மற்றவர். எங்கே வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். ராஜஸ்தான் மணலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். லடாக்கில் எண்ணெய் கெட்டியாகி உறுப்புகள் மெதுவாக நகரும். அங்கே ரைஃபிளைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டு வந்தால் வேர்த்துவிடும், வெளியே எடுத்துப் போனால் அந்த ஈரம் உறையும். வெளியிலேயே வைத்தோம் என்று அவர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. எஸ்.எல்.ஆரில் சுடும்போது வரும் காஸ் தள்ளி இயங்கும் பிஸ்டன் பகுதியையும் உலர்வாக வைக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எண்ணெய் அங்கே கரியாகிவிடும். அந்த ரைஃபிளில் காஸ் போகும் வழியில் உள்ள மூடியான காஸ் பிளக்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் காஸ் அடைபட்டு, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் சுட வேண்டும். ரேஞ்சில் மானம் போன கதைகள் நிறைய இதிலிருந்துதான் வரும்.

இளைய தலைமுறை வீரர்களின் கதையில் இன்சாஸ் என்ற இந்திய ரைஃபிள் வரும். 5.56 தோட்டா, 1990களின் கடைசியில் கைக்கு வந்தது. கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது என்ற புகார் பலருக்கும் தெரியும். ஆனால் "இன்சாஸ் ரைஃபிளால் குண்டு மழை பொழிந்தார்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த ரைஃபிளில் ஒற்றைச் சூடும், ஒரே அழுத்தலில் மூன்று தோட்டா போகும் பர்ஸ்ட்டும்தான். தொடர்ச்சியாகச் சுடுவது எல்.எம்.ஜி., அதாவது லைட் மெஷின் கன் வகையில்.

கடைசியாக, கதை கேட்கும்போது பழைய டிரங்குப் பெட்டியும் திறக்கப்படும். அதில் நினைவுக்கு வைத்த காலித் தோட்டாக் கூடு இருக்கலாம். ஆனால் முனையில் குண்டு இருந்தால் அது சுடாத தோட்டாவாக இருக்கலாம். சுடாத தோட்டாவை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைத் தட்டிப் பார்ப்பதோ, போட்டோ எடுத்துப் பகிர்வதோ, பழைய இரும்புக் கடையில் போடுவதோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.