சித்த வைத்தியரிடம் போகுமுன்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சித்தப்பாவை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்று இரவு, டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. "வேற என்ன மருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார்?" சித்தி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். நியூஸ்பேப்பரில் மடித்த செங்கல் நிறப் பொடி. பெயர் இல்லை, அளவு இல்லை, கொடுத்தவர் யாரென்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "சர்க்கரைக்குங்க. ஒரு மண்டலம் சாப்பிடணும், ஊசியை நிறுத்திடுங்கன்னு சொன்னார்" என்றார் சித்தி. டாக்டர் பொட்டலத்தை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்குச் சித்த மருத்துவத்தின் மேல் மதிப்பு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் செய்யும் பெரிய தவறு, பதிவு எண்ணைக் கேட்காமல் இருப்பது. கேட்டால் வைத்தியர் மனம் நோகுமே என்று தயங்குகிறோம். சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். என்பது பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. அதை முடித்தவருக்குப் பதிவு எண்ணைச் சொல்வதில் என்ன கூச்சம் இருக்கப்போகிறது? சித்த மருத்துவர் என்றால் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில், ஓமியோபதி என்றால் தமிழ்நாடு ஓமியோபதி மருத்துவக் கவுன்சில், ஆயுர்வேதம், யுனானி என்றால் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம். எண்ணை வாங்கி அங்கே விசாரிக்கலாம்.

"அவர் பரம்பரை வைத்தியர், அவருக்கு எதற்குப் பதிவு?" என்பார்கள். கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் பரம்பரையை மட்டும் காட்டி வைத்தியம் பார்க்க முடியாது. அதே சமயம், பட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காலத்திலேயே முறைப்படி பதிவேட்டில் சேர்ந்தவர்களின் உரிமையை 1970-ம் வருடச் சட்டம் காப்பாற்றி வைத்தது. வயதான ஒரு வைத்தியரிடம் பட்டம் இல்லை என்பதாலேயே அவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதைத்தான்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 'மாற்று மருத்துவ எம்.டி.', எலக்ட்ரோபதி என்றெல்லாம் இருக்கும். எலக்ட்ரோபதி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறை அல்ல என்று மத்திய அரசு 2003-லேயே ஆணை போட்டுவிட்டது.

பொட்டல விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலம் கட்டிக் கொடுப்பதே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தன் நோயாளிக்காக வைத்தியரே மருந்து செய்து கொடுப்பதை 1940-ம் வருட மருந்துச் சட்டம் அனுமதிக்கிறது. கடையில் விற்கும் மருந்துக்குத்தான் உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். பொட்டலத்தில் லேபிள் இருக்காது என்பதால்தான் சீட்டு கட்டாயம் வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, அனுபானம் (தேன், வெந்நீர் என எதோடு சாப்பிட வேண்டும் என்பது), தேதி, கையெழுத்து. புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் என்றால் இன்னும் முக்கியம். பாதரசம், பாஷாணம் (நச்சுத் தாதுக்கள்) சேர்ந்த மருந்துகள் உண்டு. அவற்றை முறையாகச் சுத்திகரிக்காவிட்டால் சிறுநீரகம் தாங்காது. பில்லும் வாங்குங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் (இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்) கையில் இருக்கும் காகிதம்தான் பேசும்.

ஓமியோபதி மருத்துவரிடம் "சட்டுனு காய்ச்சல் இறங்க ஒரு ஊசி போடுங்க" என்று நாமே வற்புறுத்துவதும் தவறு. ஓமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தெரியாத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம்தான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவரின் மனைவிக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடு.

சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. "சர்க்கரையை வேரோடு அறுப்போம்" என்ற போஸ்டரைப் பார்த்தால் அந்த முகவரிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. சித்தப்பா போனது அப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துத்தான்.

இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாலிசியில் ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி போன்ற முறைகள்) என்று இருந்தாலும், எல்லா மருத்துவமனைக்கும் பணம் கிடைத்துவிடாது. தனியார் மருத்துவமனை என்றால் குறைந்தது ஐந்து படுக்கை, பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர், தினசரிப் பதிவேடு எல்லாம் இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சித்தப்பா தேறிவிட்டார். இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூட்டுவலிக்கு மட்டும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய்வருகிறார். அங்கே கொடுத்த சீட்டையும் சர்க்கரை டாக்டரின் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, சித்தி கைப்பையில் வைத்திருக்கிறார்.