கதவின் மேலேயே மாட்டும் ரிம் லாக்: பொருத்தும் முறை

பலகையைக் குடையாமல், கதவின் உள்பக்க முகத்தில் பெட்டியாகவே திருகி மாட்டுவது ரிம் லாக். மெல்லிய கதவிலும், குறுக்குச் சட்டம் அடித்த பலகைக் கதவிலும் குழி வெட்டினால் மரம் பலவீனமாகிவிடும். அங்கே இதுதான் சரியான பூட்டு. ஒரு நிபந்தனை, கதவு உள்நோக்கித் திறக்க வேண்டும். வெளிநோக்கித் திறப்பதாக இருந்தால் நிலையில் மாட்டும் எதிர்ப்பெட்டி, அதாவது பூட்டின் நாக்கு போய் நுழையும் பெட்டி, வழக்கமான முறையில் பொருந்தாது.

வாங்கும் முன் வீட்டுக்குள் நின்று கீல் இடமா வலமா என்று பாருங்கள். சில பூட்டுகளில் நாக்கைத் திருப்பிப் போடலாம், எல்லாவற்றிலும் முடியாது. உள்ளறைக்குக் கைப்பிடியும் நாக்கும் போதும். வாசலுக்கு, வெளியே சிலிண்டர் (சாவி நுழையும் உருளை) உள்ள, சாத்தியதும் தானே பிடித்துக்கொள்ளும் நைட் லாட்ச் எடுங்கள்.

பெட்டியோடு வரும் காகித அளவை கதவில் ஒட்டிக் குறியிடுங்கள். சிலிண்டர் துளை பெரும்பாலும் 32 மி.மீ. முதலில் சிறு துளையை முழுதாகப் போட்டு, பிறகு இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகப் பெரிதாக்குங்கள். ஒரே பக்கமிருந்து தள்ளினால் மறுபக்கம் சிராய் பிளந்துவிடும். சிலிண்டரை வெளியிலிருந்து நுழைத்து, உள்ளே தகட்டை வைத்து முடுக்குங்கள். நீளமான ஸ்க்ரூவையும், சிலிண்டரின் பின்னால் நீண்டு பூட்டைச் சுழற்றும் வால்தகட்டையும் கதவின் கனத்துக்கேற்ப அவற்றிலுள்ள வெட்டுத்தடத்தில் முறிக்கலாம். வால்தகடு கதவின் உள்முகத்தைத் தாண்டி சுமார் 15 மி.மீ. நீட்டினால் போதும், உங்கள் பூட்டின் தாளில் உள்ள அளவே இறுதி. நீளமாக விட்டால் பெட்டி கதவோடு உட்காராது, சாவி இறுகும். குட்டையானால் சாவி சும்மா சுற்றும்.

இனி பலரும் அவசரப்படும் இடம்: எதிர்ப்பெட்டி. உதைக்குப் பெரும்பாலும் பிய்ந்து வருவது பூட்டல்ல, நிலையில் இருக்கும் இந்தப் பெட்டிதான். கதவைச் சாத்தி, நாக்கு நிற்கும் இடத்தை நிலையில் குறியுங்கள். அதன் விளிம்புத் தகடு பதியுமளவு உளியால் செதுக்குங்கள். கூடவே வரும் குட்டை ஸ்க்ரூவை ஒதுக்கி, துளை இடம் தந்தால் 50 மி.மீ. ஸ்க்ரூவை வழித்துளை போட்டு ஏற்றுங்கள்.

பிறகு நாக்கு முட்டினால், அரம் எடுக்கும் முன் கீலைப் பாருங்கள், கதவு தொய்ந்திருக்கும். சாவி இறுகினால் எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

சரிவான நாக்கை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய தகட்டை இடுக்கில் செருகியே அதைத் தள்ளிவிடலாம். கதவு சாத்தியதும் நாக்கைப் பின்னுக்குத் தள்ள முடியாதபடி தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள், இல்லையேல் சாவியால் நகரும் நேரான நாக்குள்ள தனி டெட்லாக் சேருங்கள்.